வலி பேட்சின் மேல் ஒத்தடம் வேண்டாம்

கேள்வி: உசிலம்பட்டி அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். என் மாமனாருக்கு வயது 68. வாய்ப் புற்றுநோய்க்காக மதுரையில் கரண்ட் சிகிச்சை முடிந்து, இப்போது மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி கொடுக்கிறோம். மாத்திரை விழுங்க முடியாததால், வலிக்கு மூன்று நாளுக்கு ஒரு முறை தோலில் ஒட்டும் ஃபென்டானில் 25 பேட்ச் எழுதித் தந்திருக்கிறார்கள். அது வந்த பிறகுதான் இரவில் தூங்குகிறார். ஆனால் வியர்வையில் பேட்ச் உரிந்துவிடுகிறது. முதுகு வலிக்கிறது என்று அவர் சொல்லும்போதெல்லாம், முதுகில் பேட்ச் ஒட்டியிருக்கும் இடத்திலேயே என் அத்தை உப்பு ஒத்தடம் கொடுக்கிறார். கேட்டால், "மேலுக்கு ஒட்டுறதுதானே, உள்ளுக்கா குடுக்கிறோம்" என்கிறார். போன வாரம் காய்ச்சல் வந்தபோது மாமா இரண்டு நாள் அரை மயக்கமாகவே கிடந்தார். வாய்ப்புண்ணுக்கும் அப்போது ஏதோ மாத்திரை கரைத்துக் கொடுத்தோம். பேட்சின் விலை எங்களுக்குத் தாங்கவில்லை. பாதியாக வெட்டி ஒட்டலாமா, அல்லது ஐந்து நாள் வரை விட்டுவைக்கலாமா? அத்தைக்கும் சர்க்கரை நோய், மூட்டு வலி; இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார், முழங்காலுக்கு ஜெல் தடவுகிறார். வலிக்குப் பேட்ச் வந்த மாதிரி இன்சுலினுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறார். வீட்டில் இரண்டு வயதில் என் மகனும் இருக்கிறான்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கேள்விகள் பல இருந்தாலும், மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு என்னை உடனே எழுத வைத்தவை இரண்டு வரிகள்தாம்: பேட்சின் மேலேயே ஒத்தடம் கொடுப்பதாகச் சொன்னது ஒன்று, காய்ச்சலில் அவர் அரை மயக்கமாகக் கிடந்தார் என்று சொன்னது மற்றொன்று. உங்களுக்கு இவை தனித்தனிச் செய்திகளாகத் தோன்றியிருக்கலாம். ஒரு வலித் தணிப்பு மருத்துவராக எனக்கு இவை இரண்டும் ஒரே ஆபத்தைக் காட்டுகின்றன. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இனி எப்போதாவது உங்கள் மாமனார் வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தால், தோளைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண் திறந்து பதில் சொல்லிவிட்டு, அந்தப் பேச்சு முடியும் முன்பே மறுபடி உறங்கிப்போகிறாரா என்று பாருங்கள். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். மூச்சு 10க்கும் கீழே போனாலோ, மூச்சோடு சேர்ந்து தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ, கண்ணின் கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தாலோ, உடனே பேட்சை உரித்துவிட்டு 108க்கு அழையுங்கள். அழைக்கும்போதே "ஃபென்டானில் பேட்ச் ஒட்டியிருக்கிறோம்" என்று சொல்லுங்கள். பேட்சைத்தான் எடுத்துவிட்டோமே, தெளிந்துவிடுவார் என்று வீட்டிலேயே காத்திருக்கக் கூடாது. பேட்சை எடுத்த பிறகும் தோலுக்குள் தேங்கியிருக்கும் மருந்து இரத்தத்தில் கலந்துகொண்டேதான் இருக்கும்; இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 17 மணி நேரம் ஆகும், சிலருக்கு ஒரு நாள் முழுவதும் ஆகும். மருத்துவமனையில் இதற்கு முறிவு மருந்தாக நலாக்ஸோன் ஊசி போடுவார்கள். அந்த ஊசியின் வேலை ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தோலிலிருந்து வரும் மருந்து அதற்குப் பிறகும் வந்துகொண்டிருக்கும். ஊசி போட்டதும் கண் விழித்துவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அழைத்து வந்துவிடாமல், மருத்துவர் சொல்லும் வரை கண்காணிப்பில் வைத்திருப்பது அதனால்தான் அவசியம்.

இவ்வளவு சிறிய பேட்ச் ஏன் இப்படிச் செய்கிறது என்பதை விளக்கினால், உங்கள் அத்தைக்கும் நீங்கள் எடுத்துச் சொல்ல வசதியாக இருக்கும்.

நம் தோலின் மேற்பரப்பில் இறந்துபோன செல்கள் பதினைந்து இருபது அடுக்குகளாகப் படிந்த ஒரு படலம் இருக்கிறது. அதன் தடிமன் உடலின் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். தண்ணீர் உடலுக்குள் இறங்காமலும், உடலின் நீர் வெளியேறி வற்றிப்போகாமலும் காப்பது அந்த மெல்லிய படலமே. செங்கல் அடுக்கிச் சாந்து பூசிய சுவர் என்று அதை நினைத்துக்கொள்ளலாம். இறந்த செல்கள் செங்கல், அவற்றுக்கு இடையில் நிறைந்திருக்கும் கொழுப்புப் பொருள் சாந்து. வெளியிலிருந்து வரும் மருந்து பெரும்பாலும் அந்தக் கொழுப்பின் வழியாகத்தான் வளைந்து வளைந்து உள்ளே இறங்க வேண்டும். ஆகவே அது கொழுப்பில் கரைய வேண்டும். அடியில் இரத்தத்தோடு கலப்பதற்கு ஓரளவு நீரிலும் கரைய வேண்டும். அதன் மூலக்கூறு சிறியதாக இருக்க வேண்டும். மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்யும் வீரியமும் அதற்கு வேண்டும். இந்த நான்கும் பொருந்திய மருந்துகள் மிகச் சில. கப்பல் பயணத்தின் குமட்டலுக்கான ஸ்கோபோலமைன் பேட்ச்தான் அமெரிக்காவில் 1979இல் முதன்முதலாக அனுமதி பெற்றது. பின்னர் நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின், புகைப்பழக்கத்தை விடுவதற்கான நிகோட்டின், சில ஹார்மோன்கள் என்று அந்த வரிசை நீண்டது. ஃபென்டானில் பேட்ச் 1990இல் வந்தது.

உங்கள் அத்தையின் இன்சுலின் கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. மூலக்கூறின் எடையை டால்டன் என்ற அலகில் கணக்கிடுவார்கள். ஏறத்தாழ 500 டால்டனுக்கு மேற்பட்ட பொருள் நல்ல தோலின் வழியே உள்ளே போவது அரிது என்பது தோல் மருந்தியலில் அனுபவத்தில் கண்ட கணக்கு. நிகோட்டின் 162, ஃபென்டானில் 336. இன்சுலினோ 5800க்கும் மேல். அதைத் தோலின் மேல் எவ்வளவு தடவினாலும் உள்ளே போகாது. ஊசிதான் அந்தப் படலத்தைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அத்தை ஊசி போடும் இடத்தைத் தினமும் மாற்றிக்கொண்டால் போதும். இன்சுலின் பேட்ச் என்று சொல்லி யாராவது எதையாவது விற்க வந்தால் வாங்க வேண்டாம்; அதை நம்பி ஊசியை நிறுத்தினால் சர்க்கரை உயிருக்கு ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். பாராசிட்டமாலைப் பேட்சாகத் தர முடியாததற்குக் காரணம் வேறு. அதன் மூலக்கூறு சிறியதுதான். ஆனால் ஒரு வேளைக்கே 500 மில்லிகிராம் வேண்டும், அவ்வளவு மருந்து அந்தப் படலத்தைத் தாண்டாது. ஃபென்டானில் 25 என்றால் மணிக்கு 25 மைக்ரோகிராம் என்று பொருள்; ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். ஒரு நாள் முழுவதும் உங்கள் மாமனாரின் உடலுக்குள் போவது 0.6 மில்லிகிராம்தான், ஒரு பாராசிட்டமால் மாத்திரையின் எடையில் எண்ணூறில் ஒரு பங்குகூடச் சரியாக வராது. அந்தத் துளி மருந்து, வாய்வழியாக ஒரு நாளைக்கு ஏறத்தாழ 60 மில்லிகிராம் மார்ஃபின் கொடுப்பதற்குச் சமம். "மேலுக்கு ஒட்டுறதுதானே" என்று அத்தை சொல்லும்போது, ஊசி மருந்துக்கு நிகரான ஒன்றைப் பற்றித்தான் சொல்கிறார் என்பதை அவருக்கு மெல்ல எடுத்துச் சொல்லுங்கள்.

எண்களால் அவர் மனம் மாறாவிட்டால் தோட்டத்துப் பழக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பக்கம் மல்லிகை போடாத ஊர் குறைவு. மொட்டுப்புழுவுக்கு மருந்து அடிக்கும்போது முதுகில் சுமந்திருக்கும் தெளிப்பானின் மூடி தளர்ந்து, கரைசல் ஒழுகிச் சட்டை நனைந்து, அந்த ஈரச் சட்டையோடேயே உச்சி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் நின்றவர்களை அவர் பார்த்திருப்பார். ஒரு சொட்டுக்கூட வாய்க்குள் போயிருக்காது. ஆனாலும் சாயங்காலம் தலைசுற்றல், வாந்தி, வாயில் எச்சில் ஊறல், கண் மங்கல் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் அப்படித்தான் தோலின் வழியே போகின்றன. வெயிலும் வியர்வையும் அதை இன்னும் விரைவாக்கும். புகையிலை விளையும் இடங்களில் பனியில் நனைந்த இலையை வெறுங்கையால் பறிக்கிறவர்களுக்கு வரும் குமட்டலும் மயக்கமும் தோல்வழியே ஏறிய நிகோட்டினால் வருவதே. பேட்சில் இருப்பது அளந்து வைத்த மருந்து என்பதுதான் வேறுபாடு. ஒட்டும் பரப்பு, ஒட்டியிருக்கும் நேரம், தோலின் சூடு ஆகிய மூன்றையும் கணக்கில் கொண்டே அந்த அளவை வைத்திருக்கிறார்கள். ஒத்தடம் கொடுக்கும்போது அந்தச் சூட்டுக் கணக்கு குலைந்துவிடுகிறது.

சூடு பட்டதும் பேட்சிலிருந்து மருந்து விரைவாக வெளிவருகிறது. தோலின் கொழுப்புப் பொருள் இளகி வழி விடுகிறது. அடியில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து, தேங்கி நிற்கும் மருந்தை அள்ளிக்கொண்டு போகின்றன. மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. நல்ல உடல்நலம் உள்ளவர்களிடம் பேட்சின் மேல் சூடு வைத்துச் சோதித்தபோது, உடலில் சேர்ந்த மொத்த மருந்து இரு மடங்கையும் தாண்டியது. இரத்தத்தில் அது எட்டிய உச்ச அளவு 60 சதவீதத்துக்கு மேல் கூடியது. உடல் முழுவதும் 40 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் அடித்தாலே மருந்தின் அளவு மூன்றில் ஒரு பங்கு வரை கூடலாம் என்பது கணக்கு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்தப் பேட்சைப் பற்றி 2005லும் 2007லும் விடுத்த எச்சரிக்கைகளில் சூட்டைக் குறிப்பாகச் சொல்லியிருக்கிறது. அவர்கள் மின்போர்வையையும் வெந்நீர்த் தொட்டியையும் நினைத்து எழுதினார்கள். நம் வீடுகளில் அந்த இடத்தில் உப்பு ஒத்தடமும், தவிட்டு ஒத்தடமும், வெந்நீர்ப் பையும், அக்கினி நட்சத்திரத்தில் கொதிக்கும் தகரக் கூரையும் இருக்கின்றன.

போன வாரம் அவர் மயக்கமாகக் கிடந்ததற்குக் காய்ச்சல் ஒரு காரணமாக இருந்திருக்கும். அதோடு ஒத்தடமும் சேர்ந்திருந்தால் வியப்பில்லை. மூன்றாவதாக, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த வாய்ப்புண் மாத்திரையை நான் ஐயப்படுகிறேன். வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்தவர்களுக்கு நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சைப் படிவு வருவது வழக்கம். அதற்குப் பெரும்பாலும் ஃப்ளுகோனசோல் கொடுப்பார்கள். ஃபென்டானிலைக் கல்லீரலில் சிதைத்து அகற்றும் நொதியை அந்த மாத்திரை மட்டுப்படுத்தும். உள்ளே வந்த மருந்து கழியாமல் தேங்கிவிடும். தோலில் வரும் படைக்குக் கொடுக்கும் இட்ராகோனசோலும், சளிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசினும் இதே வேலையைச் செய்யும். இவற்றைக் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொடுக்கும் நாட்களில் பேட்சின் அளவை மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும், நீங்களும் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டும். அந்த மாத்திரை அட்டையைத் தேடி எடுத்து, அடுத்த முறை போகும்போது கையில் கொண்டுபோங்கள். இனி எந்தக் கடையில் எந்த மருந்து வாங்கினாலும், பேட்ச் ஒட்டியிருப்பதை முதலில் சொல்லுங்கள். தூக்கமாத்திரையும் மதுவும் இதோடு அறவே கூடாது.

காய்ச்சல் வந்தால் அன்றைக்கே உங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் உடம்பைத் துடைத்துவிடலாம்; குழாய் வழியே பாராசிட்டமால் கொடுப்பதற்கான அளவையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் பகலில் கட்டிலைக் கூரை தாழ்ந்த இடத்திலும் அடுப்படிச் சுவரை ஒட்டியும் போடாமல், காற்றோட்டமுள்ள நிழலான பக்கம் மாற்றிப் போடுங்கள்.

ஒத்தடத்தை நிறுத்தச் சொல்லும்போது அத்தையின் மனம் நோகாமல் சொல்ல வேண்டும் என்பது எனக்கும் தெரியும். நாற்பது ஆண்டுகள் கூட வாழ்ந்தவர் வலியில் முனகும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க யாராலும் முடியாது. அவர் கைக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. மாமனாரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, முழங்காலுக்கு இடையில் தலையணை கொடுப்பது, பேட்ச் இல்லாத இடங்களில் உள்ளங்கையால் மெல்ல நீவிவிடுவது, எல்லாவற்றையும்விட அந்த மூச்சை எண்ணுவது ஆகிய பொறுப்புகளை அவரிடமே கொடுங்கள். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: முதுகு வலி என்று அவர் சொல்வதே மருத்துவருக்குத் தெரிய வேண்டிய செய்தி. புற்றுநோய் உள்ளவருக்கு முதுகில் புதிதாக வலி வந்தால் அது படுத்தே கிடப்பதால் வந்ததா, எலும்பில் நோய் இறங்கியதால் வந்ததா என்று பார்த்தாக வேண்டும். வலியோடு கால்கள் வலுவிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

இனி ஒட்டும் முறை. வலிக்கிற இடத்தில்தான் ஒட்ட வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்தப் பேட்சுக்கு அப்படியில்லை. மருந்து இரத்தத்தில் கலந்து மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போய்த்தான் வலியைக் குறைக்கிறது. ஆகவே எங்கே ஒட்டினாலும் பலன் ஒன்றே. ஆனால் எல்லா இடத்துத் தோலும் ஒரே அளவில் மருந்தை விடுவதில்லை. ஃபெல்ட்மேன், மைபாக் என்ற இரு ஆய்வாளர்கள் 1967இல் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை உடலின் பல இடங்களில் தடவி அளந்தார்கள். முன்கையில் உள்ளே போகும் அளவை ஒன்று என்று வைத்துக்கொண்டால், உள்ளங்காலில் அதில் ஏழில் ஒரு பங்குதான் போனது. தாடையில் 13 மடங்கும் விரைப்பையில் 42 மடங்கும் போனது. முகம் வெளுக்க என்று ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் பூசும் இளம்பெண்களின் முகத்தோல் மெலிந்து, சிவந்து, முடி முளைத்துப்போவதற்கும் இதுவே காரணம்; கையில் தாங்குகிற மருந்து முகத்தில் தாங்காது. உங்கள் மாமனாருக்கு மேல்நெஞ்சு, மேல்முதுகு, புயத்தின் வெளிப்புறம் ஆகிய இடங்களே ஏற்றவை. கரண்ட் வைத்துக் கறுத்துப்போன கழுத்து, கன்னப் பகுதிகளில் ஒட்டவே கூடாது. புண், சிரங்கு, வெட்டுக்காயம் உள்ள இடத்திலும் கூடாது. அங்கே காக்கும் படலம் சேதப்பட்டிருக்கும்.

முடி இருந்தால் கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்குங்கள். சவரம் செய்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் முழுவதும் காயும் வரை விசிறிவிடுங்கள். சோப்பு, எண்ணெய், பவுடர், தைலம், ஸ்பிரிட் எதுவும் அந்த இடத்தில் படக் கூடாது. நல்லெண்ணெய் தேய்த்துத் துடைத்த உடம்பில் பேட்ச் உரிவதற்கு வியர்வையைக் குறை சொல்லிப் பயனில்லை. பின்தாளை உரிக்கும்போது பசைப் பக்கத்தில் உங்கள் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து ஒட்டி, உள்ளங்கையை அதன் மேல் முழுவதுமாக வைத்து முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு நான்கு ஓரங்களையும் விரலால் ஒரு சுற்று அழுத்திவிடுங்கள். உங்கள் கையைத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். ஓரம் மட்டும் எழும்பினால், மருந்துக் கடையில் கிடைக்கும் மெல்லிய சர்ஜிக்கல் டேப்பை ஓரங்களில் ஒட்டலாம். முழுவதும் உரிந்து விழுந்துவிட்டால் அதையே மறுபடி ஒட்டாமல், வேறு இடத்தில் புதிய பேட்சை ஒட்டி, அந்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்தைக் கணக்கிடுங்கள். ஒட்டிய நேரத்தையும் இடத்தையும் சுவரில் தொங்கும் தினக்காலண்டரின் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

புதியதை ஒட்டும் முன் பழையதை எடுத்துவிட்டோமா என்று கண்ணால் பார்த்து, கையால் தடவியும் பாருங்கள். மயக்கமாக அழைத்து வரப்படுகிறவர்களின் சட்டையை முழுவதும் கழற்றச் சொல்லி முதுகைப் பார்ப்பது எங்கள் வழக்கம். நெஞ்சில் ஒரு பேட்ச் இருக்கும். தோள்பட்டை எலும்புக்கு அருகே, தோலின் நிறத்தோடு ஒட்டிப்போய் விளிம்பில் மட்டும் அழுக்குக் கோடு தெரியும்படி, மூன்று நாளுக்கு முந்தையதும் இருக்கும். அண்ணன் ஒட்டியதைத் தம்பி அறிந்திருக்க மாட்டார். ஆகவே உங்கள் வீட்டில் பேட்ச் மாற்றும் பொறுப்பை ஒருவரே ஏற்றுக்கொள்வது நல்லது.

உங்கள் இரண்டு வயது மகனைப் பற்றிய கவலை எனக்கு மாமனாரைப் பற்றியதற்குச் சற்றும் குறையவில்லை. மூன்று நாள் ஒட்டி எடுத்த பேட்சிலும் மருந்து தீர்ந்திருக்காது. கால் பங்குக்கு மேல், சிலவற்றில் பாதிக்கும் மேல், அதிலேயே மிஞ்சியிருக்கும். ஒரு குழந்தையின் மூச்சை நிறுத்த அது போதும். பதினைந்து ஆண்டுக் காலத்தில் குழந்தைகள் தற்செயலாக இந்தப் பேட்சுக்கு ஆளான 26 நிகழ்வுகளை ஆராய்ந்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2012இல் அறிவித்தபோது, அவற்றில் பத்துக் குழந்தைகள் இறந்திருந்தனர். 16 பேர் இரண்டு வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள். தரையில் விழுந்ததை எடுத்து வாயில் போட்டவர்களும், பெரியவர் மடியில் தூங்கும்போது பேட்ச் உரிந்து தங்கள் உடம்பில் ஒட்டிக்கொண்டவர்களும் குழந்தைகளில் உண்டு. எடுத்த பேட்சைப் பசைப் பக்கம் உள்ளே இருக்கும்படி உடனே இரண்டாக மடித்து ஒட்டிவிடுங்கள். குப்பையிலோ கொல்லையிலோ எறிய வேண்டாம். மூடி இறுக்கமான ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டி வைத்து, புதியதை வாங்கப் போகும்போது மருத்துவமனையிலேயே ஒப்படைத்துவிடுங்கள். பழையதை எண்ணி வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்கும் மையங்களும் இருக்கின்றன. புதிய பேட்சுகளையும் பையன் கைக்கு எட்டாத பூட்டிய அலமாரியில், உள்ளறையில் வையுங்கள். மதுரையிலிருந்து மதிய வெயிலில் பைக்கில் திரும்பும்போது அவற்றை டேங்க் கவரில் வைக்காமல் துணிப்பையில் வைத்துக் கையோடு கொண்டுவாருங்கள். தாத்தாவின் நெஞ்சில் பேரன் படுத்துக்கொள்வதைத் தடுக்க வேண்டியதில்லை. பேட்சைப் புயத்திலோ மேல்முதுகிலோ ஒட்டி, மேலே சட்டை போட்டுவிட்டால் போதும்.

அத்தையின் முழங்கால் ஜெல் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்காக இருக்கும். சரியான அளவில் தடவினால், மாத்திரையாக விழுங்கும்போது இரத்தத்தில் சேர்வதில் ஏறத்தாழ 6 சதவீதம்தான் சேரும்; வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் மாத்திரையைவிட நல்லது. ஆனால் உடலுக்குள் எதுவுமே சேராது என்று பொருளல்ல. பல ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவர் என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து, மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடரட்டும். ஜெல் தடவிய காலில் ஒத்தடமும் வேண்டாம், துணியால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். அந்தக் கையோடு பேரனைத் தூக்க வேண்டாம், முதலில் கழுவட்டும். குழந்தையின் சளிக்கு நெஞ்சில் கற்பூரத் தைலம் பூசும் பழக்கம் வீட்டில் இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். குழந்தையின் உடல் எடைக்குத் தோலின் பரப்பு மிக அதிகம். கற்பூரம் வலிப்பை உண்டாக்கக்கூடியது.

கடைசியாக, விலை. பாதியாக வெட்டுவதும் ஐந்து நாள் நீட்டுவதும் பணத்தை மிச்சப்படுத்தும் வழிகளாகத் தோன்றுவது இயல்பே. சில பேட்சுகளில் மருந்து ஒரு பையில் கூழாக இருக்கும். வெட்டினால் மூன்று நாள் மருந்து ஒரே வேளையில் தோலில் கொட்டிவிடும். பசையோடு மருந்து கலந்திருக்கும் வகையிலும் வெட்டிய விளிம்பை நம்ப முடியாது. வெட்டும் உங்கள் விரலிலும் மருந்து படும். 25 அவருக்கு அதிகம் என்று மருத்துவர் கருதினால் 12 என்ற சிறிய அளவே தனியாக இருக்கிறது. ஐந்து நாள் விட்டால் நான்காம் நாள் வலி திரும்பும். வலி திரும்பினால் ஒத்தடம் திரும்பும். உடல் மிகவும் மெலிந்தவர்களுக்குத் தோல்வழி உறிஞ்சல் குறைந்து, மூன்றாம் நாளே பேட்ச் போதாமல் போவதும் உண்டு. அப்படித் தோன்றினாலும் நீங்களாக இரண்டாவது பேட்சை ஒட்டாமல் சொல்லுங்கள்.

மூக்குக் குழாய் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு வழி திறந்தே இருக்கிறது. சாதாரண மார்ஃபின் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்தோ, திரவமாகவோ அந்தக் குழாய் வழியாக நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். பேட்சைவிட விலை பல மடங்கு குறைவு. இடையில் வலி மிஞ்சும்போது கொடுக்கும் கூடுதல் வேளைக்கும் அதுதான் உதவும். பேட்ச் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் அந்தக் கூடுதல் வேளையை எழுதித் தர வேண்டும். போதை மருந்துச் சட்டத்தில் 2014இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இவற்றை இருப்பு வைத்துத் தருவது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலோ நீங்கள் சிகிச்சை பெற்ற இடத்திலோ வலித் தணிப்புப் பிரிவில் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த் தணிப்புச் செவிலியர் வீட்டுக்கே வருவார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள். பேட்சிலிருந்து மார்ஃபினுக்கு நீங்களாகவே மாறிவிட வேண்டாம். தோலில் தங்கிய மருந்து ஒரு நாள் வரை வேலை செய்துகொண்டிருக்கும் என்பதால், எப்போது எடுத்து எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர் மணிக்கணக்கில் எழுதித் தருவார். எந்த மருந்தானாலும் மலச்சிக்கல் வராமல் இருக்க மலமிளக்கியைத் தினமும் கொடுக்க மறக்காதீர்கள். அதையும் குழாய் வழியாகவே கொடுக்கலாம். இந்தப் பதிலையும், காலண்டரில் நீங்கள் எழுதும் நேரங்களையும், அந்த வாய்ப்புண் மாத்திரையின் அட்டையையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய் வாருங்கள். அத்தையையும் உடன் அழைத்துப் போங்கள்.